கே.வி. சீட், ஆர்.டி.இ. சீட்: குலுக்கல் முறை நியாயமானதா? கே.ஜி.கண்டிகை பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஒரு பள்ளியில் 10 இடம். விண்ணப்பம் 200. யாரைச் சேர்ப்பது?

பணம் கட்டுபவர் பிள்ளையையா, சிபாரிசுக் கடிதம் கொண்டு வருபவர் பிள்ளையையா, விடியற்காலையில் வந்து முதலில் வரிசையில் நின்றவர் பிள்ளையையா? இது எதுவும் வேண்டாம், சீட்டு குலுக்கிப் பார்த்துவிடலாம் என்பதுதான் இன்று கேந்திரிய வித்யாலயா முதல் வகுப்புக்கும், தனியார் பள்ளிகளின் 25% இலவச இடங்களுக்கும் உள்ள நடைமுறை.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் குலுக்கலில் பெயர் வராத அம்மா அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். "எங்க நேரம் அவ்வளவுதான்" என்பார்கள் சிலர். "உள்ளுக்குள்ள என்ன நடந்துச்சோ" என்பார்கள் சிலர். உண்மையில் இது வெறும் அதிர்ஷ்டமா? நியாயமா? திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகை மாதிரி ஒரு ஊரில் இருக்கும் பிள்ளைக்கு இந்தக் குலுக்கலில் எவ்வளவு வாய்ப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

முதல்ல, குலுக்கல் எங்கெல்லாம் நடக்குது?

தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கையில் முக்கியமாக இரண்டு இடங்களில் குலுக்கல் உண்டு.

* ஒன்று, கேந்திரிய வித்யாலயா. மத்திய அரசு நடத்தும் பள்ளி. நாடு முழுக்க 1,250-க்கும் மேல் இருக்கின்றன. மாஸ்கோ, காத்மாண்டு, டெஹ்ரானில்கூட உண்டு. முதல் வகுப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பம், அதன்பின் குலுக்கல்.

* இரண்டு, ஆர்.டி.இ. எனப்படும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் நீங்கலாக, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25% இடங்களை ஏழை மற்றும் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை அரசு கொடுக்கும்.

அரசு, ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் இந்தக் குலுக்கல் எல்லாம் கிடையாது. போனால் சேர்த்துக்கொள்வார்கள்.

கே.வி.க்கு ஏன் இவ்வளவு போட்டி?

காரணம் எளிது. செலவு குறைவு. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் இல்லை. வித்யாலய விகாஸ் நிதி என்று மாதம் 500 ரூபாய் மட்டும். ஆர்.டி.இ. ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், அரசு சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள், விளையாட்டு மைதானம். அதே வசதியைத் தனியார் பள்ளியில் தேடினால் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்பது பெற்றோருக்கே தெரியும்.

அதனால்தான் இந்த இடங்களுக்கு சிபாரிசும் ரொம்ப நாள் ஓடியது. ஒரு எம்.பி. ஆண்டுக்கு 10 பிள்ளைகளைப் பரிந்துரைக்கலாம் என்று விதி இருந்தது. மக்களவை, மாநிலங்களவை இரண்டையும் சேர்த்தால் 788 எம்.பி.க்கள். அதாவது ஆண்டுக்கு 7,880 இடங்கள் வரை குலுக்கலுக்கு வராமலேயே நிரம்ப வழி இருந்தது. மாவட்ட ஆட்சியர் போன்றவர்கள் தலைவராக இருக்கும் பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் தனிக் கோட்டா இருந்தது. 2022 ஏப்ரலில் இவை ரத்து செய்யப்பட்டன. ஒரு பள்ளியில் குலுக்கல் எதற்கு என்ற கேள்விக்கு இந்தப் பழைய கோட்டாவே பாதி பதில்.

குலுக்கலுக்குப் பதிலா தேர்வு வைக்கலாமே?

பலரும் கேட்பது இதைத்தான். "திறமையான பிள்ளைக்கு சீட் கொடுங்க, அதுல என்ன தப்பு?"

ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தேர்வு வைப்பீர்கள்? ஏ, பி, சி, டி சொல்லச் சொன்னால், அது பிள்ளையின் திறமையைக் காட்டாது. வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறார்களா, எல்.கே.ஜி.க்கு பணம் கட்டினார்களா என்பதைத்தான் காட்டும். தேர்வு பிள்ளைக்கு இல்லை, அப்பா அம்மாவுக்கு. அதனால்தான் ஆர்.டி.இ. சட்டத்தின் 13-வது பிரிவு இரண்டை வெளிப்படையாகத் தடை செய்கிறது: ஒன்று நன்கொடை, இன்னொன்று சேர்க்கைக்கு முன் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்ப்பது.

"முதலில் வருபவருக்கு முதலில்" என்பதும் நியாயமாகத் தோன்றும். ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு விடிய விடிய வரிசையில் நிற்க யாரால் முடியும்? கையில் நேரமும், விவரம் சொல்ல ஆளும் உள்ளவர்தான் முதலில் வருவார்.

குலுக்கலின் பலம் ஒன்றே ஒன்றுதான். பானைக்குள் போன பிறகு எல்லாச் சீட்டும் ஒன்று. தாசில்தார் பிள்ளை சீட்டுக்கும், தறிக்காரர் பிள்ளை சீட்டுக்கும் எடை ஒன்றே.

ஆனால் அந்த "பானைக்குள் போன பிறகு" என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கு.

பானைக்குள்ள யாரு போறா?

இது நமக்குப் புதிய கேள்வி இல்லை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் சபை வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலை முறையை விளக்குகின்றன. ஓலையில் பெயர் எழுதி, குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். யாரும் கை வைக்க முடியாத ஏற்பாடு.

ஆனால் குடத்தில் யார் பெயர் போகும் என்பதற்கு நிபந்தனை இருந்தது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், கல்வி வேண்டும். எடுப்பது நேர்மையாக நடந்தது. நிலம் இல்லாதவன் பெயர் குடத்துக்குப் போகவே இல்லை.

ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து கே.வி. சேர்க்கையிலும் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கே.வி. குலுக்கல் எப்படி நடக்குது?

ஒரு பிரிவில் 40 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இப்படிப் போகும்:

* ஆர்.டி.இ. 25%. அதாவது 10 இடம். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. (கிரீமி லேயர் அல்லாதவர்), பொருளாதாரத்தில் நலிந்தோர், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் இதற்கு விண்ணப்பிக்கலாம். இவர்கள் எல்லோரையும் சேர்த்து குலுக்கல். பெற்றோர் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது இதில் கணக்கு இல்லை.

* அடுத்து முன்னுரிமை வரிசை. முதலில் மத்திய அரசு ஊழியர்கள், முப்படையினர், முன்னாள் ராணுவத்தினர். இரண்டாவது மத்திய அரசின் பொதுத்துறை மற்றும் தன்னாட்சி நிறுவன ஊழியர்கள். மூன்றாவது மாநில அரசு ஊழியர்கள். நான்காவது மாநிலப் பொதுத்துறை நிறுவன ஊழியர்கள். இவர்களுக்கு அப்புறம் ஐந்தாவதாகத்தான் மற்ற எல்லோரும்.

* எஸ்.சி. 15%, எஸ்.டி. 7.5%, ஓ.பி.சி. 27% இட ஒதுக்கீடு உண்டு. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட அந்தப் பிரிவுப் பிள்ளைகளைக் கழித்து, எவ்வளவு குறைகிறதோ அதை நிரப்புவார்கள். இதுவும் முன்னுரிமை வரிசைப்படிதான்.

முதல் பிரிவிலேயே இடத்தைவிட ஆள் அதிகம் இருந்தால், கடந்த 7 ஆண்டுகளில் எத்தனை முறை பணியிட மாற்றம் ஆனது என்று பார்ப்பார்கள். அதுவும் சமமாக இருந்தால்தான் குலுக்கல்.

இப்போது புரிகிறதா? விவசாயி, கடைக்காரர், நெசவாளர், ஆட்டோ ஓட்டுநர் பிள்ளைகள் ஐந்தாவது பிரிவு. முன்னால் உள்ள நான்கு பிரிவும் தாண்டி இடம் மிஞ்சினால்தான் வாய்ப்பு. ஆக, சாமானிய வீட்டுப் பிள்ளைக்கு கே.வி.யில் உண்மையான கதவு ஆர்.டி.இ. 25% தான்.

இது அநியாயமா? கே.வி. எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில், அடிக்கடி ஊர் மாறும் மத்திய அரசு ஊழியர், ராணுவத்தினர் பிள்ளைகள் நடுவில் படிப்பு கெடாமல் இருக்க உருவாக்கப்பட்ட பள்ளி இது. ஜோத்பூரில் இருந்து அரக்கோணத்துக்கு மாற்றலாகி வரும் கடற்படை வீரரின் பிள்ளைக்கு வேறு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நல்ல பள்ளி, மற்றவர்களுக்கு ஏன் ஐந்தாவது இடம் என்ற கேள்வியும் நியாயம்தான். இரண்டையும் குலுக்கல் தீர்க்காது. அது கொள்கை முடிவு.

கே.ஜி.கண்டிகை பிள்ளைக்கு என்ன வாய்ப்பு?

இங்கேதான் வட்டம் வருகிறது.

கே.வி.யில் ஆர்.டி.இ. ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க, வீடு பள்ளிக்கு அருகில் இருக்க வேண்டும். மக்கள் நெருக்கமான பெரிய நகரங்களில் 5 கி.மீ. சுற்றளவு. மற்ற ஊர்களில் 8 கி.மீ.

திருத்தணி பக்கத்துப் பெற்றோர் அதிகம் கேள்விப்படும் கே.வி. அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் இருப்பது. திருத்தணியில் இருந்தே அரக்கோணம் 10 கி.மீ.க்கு மேல். கே.ஜி.கண்டிகையில் இருந்து பார்த்தால் 8 கி.மீ. வட்டத்துக்குள் அது வராது. ஆக, ஆர்.டி.இ. கதவு மூடியாச்சு. பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம், தடை இல்லை. ஆனால் அப்பா அரசு ஊழியர் இல்லை என்றால் ஐந்தாவது வரிசை. அதுவும் கடற்படைத் தளத்துக்குள் இருக்கும் பள்ளியில்.

இதையே சென்னை பக்கம் வைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று கே.வி. வரை விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றிலும் தனித்தனி குலுக்கல். பேச்சுக்கு, ஒவ்வொரு பள்ளியிலும் 200 பேருக்கு 10 இடம், அதாவது 5% வாய்ப்பு என்று வைப்போம். வட்டத்துக்குள் மூன்று கே.வி. உள்ள பிள்ளைக்கு ஏதாவது ஒன்றில் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 14%. ஒரு கே.வி. மட்டும் உள்ள பிள்ளைக்கு 5%. வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லாத பிள்ளைக்கு பூஜ்யம்.

மூன்று பேருக்கும் குலுக்கல் ஒன்றுதான். குலுக்கலில் ஒரு தப்பும் நடக்கவில்லை. ஆனால் வாய்ப்பு ஒன்றா?

எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று இந்தப் பகுதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ம.பொ.சி. தலைமையில் நடந்த எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி ஆந்திராவில் இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது.

சரி, தனியார் பள்ளி ஆர்.டி.இ. குலுக்கல் எப்படி?

இதில் வட்டம் இன்னும் சின்னது. தமிழ்நாட்டில் எல்.கே.ஜி., முதல் வகுப்பு சேர்க்கைக்கு வீட்டில் இருந்து 1 கி.மீ. சுற்றளவில் உள்ள பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்கலாம்.

யார் விண்ணப்பிக்கலாம்?

* நலிவடைந்த பிரிவு: ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம்.
* வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு: எஸ்.சி., எஸ்.டி., பி.சி., எம்.பி.சி. உள்ளிட்டோர்.
* சிறப்புப் பிரிவு: ஆதரவற்ற பிள்ளைகள், எச்.ஐ.வி. பாதித்தோர், மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுப் பணியாளர் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள். இவர்களுக்கு குலுக்கல் இல்லாமலேயே முதலில் இடம்.

இடத்தைவிட விண்ணப்பம் குறைவாக இருந்தால் குலுக்கல் தேவையில்லை. அதிகமாக இருந்தால், பள்ளியிலேயே, கல்வித்துறை பிரதிநிதி முன்னிலையில், பெற்றோர் கண் எதிரில் சீட்டு குலுக்கி எடுக்க வேண்டும்.

திருத்தணி டவுனில் நாலைந்து தனியார் பள்ளிகள் சூழ இருக்கும் தெருவில் குடியிருப்பவருக்கு பல வாய்ப்பு. வயக்காட்டு ஓரம் வீடு உள்ளவருக்கு 1 கி.மீ.க்குள் ஒரு பள்ளி இருந்தாலே பெரிய விஷயம். "அப்போ டவுன்ல சொந்தக்காரர் வீட்டு அட்ரஸ் போட்டுக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். முகவரி பொய் என்று தெரிந்தால் சேர்க்கை ரத்தாகும். கூடவே, அந்தத் தெருவில் உண்மையாகவே குடியிருக்கும் ஒரு ஏழைப் பிள்ளையின் இடம் போகும்.

2025-ல என்ன ஆச்சு?

வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கும் ஆர்.டி.இ. சேர்க்கை 2025-ல் அந்த நேரத்தில் தொடங்கவே இல்லை. சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு நிறுத்தி வைத்ததே காரணம் என்றது தமிழ்நாடு அரசு. தேசிய கல்விக் கொள்கையோடு பிணைந்த பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததால் நிதி வரவில்லை என்பது புகார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் நிதி விடுவிக்கப்பட்டு, அக்டோபரில்தான் சேர்க்கை நடைமுறை தொடங்கியது. அதுவும் அந்த ஆண்டு ஏற்கெனவே தனியார் பள்ளியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு.

இதில் யாருக்கு நஷ்டம் என்று யோசியுங்கள். ஜூன் மாதமே கடன் வாங்கியாவது பணம் கட்டி தனியார் பள்ளியில் சேர்த்தவர் பிள்ளைக்கு அக்டோபரில் வாய்ப்பு வந்தது. பணம் கட்ட வழியில்லாமல் காத்திருந்தவர் பிள்ளைக்கு? அந்தக் குலுக்கலுக்குள் வரவே முடியவில்லை. யாருக்காக சட்டமோ அவர்களில் ரொம்பவும் இல்லாதவர்கள் வெளியே நின்றார்கள். குலுக்கல் நேர்மையாக நடந்தாலும் காலண்டர் தவறினால் நியாயம் தவறும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

வேற ஊர்ல எப்படி?

சிங்கப்பூரில் நம் தமிழ்க் குடும்பங்களும் ஆண்டுதோறும் இந்தப் பதற்றத்தை அனுபவிக்கிறார்கள். அங்கே தொடக்கப்பள்ளி சேர்க்கை கட்டம் கட்டமாக நடக்கும். அண்ணன், அக்கா அதே பள்ளியில் படித்தால் முதல் கட்டம். பெற்றோர் அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர் என்றால் அடுத்தது. இந்தத் தொடர்பு எதுவும் இல்லாதவர்கள் கடைசிக் கட்டங்களில். விண்ணப்பம் அதிகமானால், குடிமக்களுக்கும் 1 கி.மீ.க்குள் வீடு உள்ளவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்து குலுக்கல். தொடர்பு இல்லாதவர்களுக்கு இடமே மிஞ்சுவதில்லை என்ற புகார் எழுந்ததால், பள்ளிக்கு 40 ஆக இருந்த ஒதுக்கீட்டை 2022 சேர்க்கையில் 60 ஆக உயர்த்தினார்கள்.

இங்கிலாந்தில் பிரைட்டன் நகரம் 2008 சேர்க்கைக்கு குலுக்கலைக் கொண்டு வந்தது. பள்ளிக்குப் பக்கத்தில் வீடு வாங்க வசதி உள்ளவர்தான் நல்ல பள்ளியைப் பிடிக்கிறார் என்பதை உடைக்கத்தான் இந்த ஏற்பாடு. பிறகு ஆய்வு செய்து பார்த்ததில், ஏழை பணக்காரப் பிள்ளைகள் கலந்து படிப்பது பெரிதாகக் கூடவில்லை. காரணம், குலுக்கல் ஒவ்வொரு பள்ளியின் எல்லைக்குள்தான் நடந்தது. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதை அந்த எல்லைக்கோடே முடிவு செய்தது. கே.ஜி.கண்டிகை கதையும் இதுதான்.

குலுக்கல்ல வராத பிள்ளைக்கு வாழ்க்கையே போச்சா?

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது.

குலுக்கலில் ஒரு நன்மை உண்டு. வென்ற பிள்ளையும் வராத பிள்ளையும் மற்ற எல்லாவற்றிலும் சராசரியாக ஒரே மாதிரி. அதனால் பள்ளி மாறியதால் என்ன மாறியது என்று துல்லியமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படி ஒரு பெரிய ஆய்வு நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவிலேயே நடந்தது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்தி, 2015-ல் வெளியிட்டது. 5 மாவட்டங்கள், 180 கிராமங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் குலுக்கலில் வந்தவர்களுக்குத் தனியார் பள்ளியில் படிக்க உதவித்தொகை கொடுத்தார்கள்.

நான்கு ஆண்டு கழித்து என்ன முடிவு? தெலுங்கிலும் கணக்கிலும் இரண்டு தரப்பு மதிப்பெண்ணிலும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் தெளிவாக முன்னிலை. அரசுப் பள்ளிகளில் இந்திக்கு பெரிதாக நேரம் ஒதுக்காததே காரணம். அதே சமயம், ஒரு பிள்ளைக்குத் தனியார் பள்ளிகள் செய்த செலவு, அரசுப் பள்ளியில் ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு என்பதையும் அந்த ஆய்வு சொன்னது.

அமெரிக்காவின் சிகாகோவில் அரசு உயர்நிலைப் பள்ளிக் குலுக்கல்களை வைத்து 2006-ல் வெளியான ஆய்விலும், வென்றவர்களுக்குப் படிப்பில் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை.

அதற்காக எல்லாப் பள்ளியும் ஒன்று என்று அர்த்தம் இல்லை. "பேர் பெற்ற" பள்ளி என்பதாலேயே பிள்ளை கூடுதலாகப் படித்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதுதான் இதில் உள்ள செய்தி.

வேறொரு பலன் உண்டு. டெல்லியில் தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் சேர்ந்த பிறகு என்ன ஆனது என்று கௌதம் ராவ் என்ற பொருளாதார ஆய்வாளர் பார்த்தார். 2019-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏழைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் உதவும் குணத்தில் கூடியிருந்தார்கள், ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவதும் குறைந்திருந்தது. 25% ஒதுக்கீடு உள்ளே போகும் பிள்ளைக்கு மட்டுமல்ல, பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கும் பாடம்தான்.

சீட் கிடைச்சா முன்னாடியே கணக்குப் போட வேண்டியது

* தனியார் பள்ளியில் ஆர்.டி.இ. சலுகை எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கேட்பார்கள். அப்போது கட்ட முடியுமா, அரசுப் பள்ளிக்கு மாற்றுவீர்களா என்று இப்போதே யோசியுங்கள்.

* சீருடை, நோட்டுப் புத்தகம், வேன் கட்டணம் பற்றி சேரும்போதே கேட்டு, ரசீது வாங்குங்கள்.

* தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. மாநில அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும். ஆர்.டி.இ.யில் எட்டாம் வகுப்பு வரை தனியாரில் படித்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளியில் முடித்தவர்களுக்கும் இது பொருந்தும். கே.வி. மாநில அரசுப் பள்ளி அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

* அரசுப் பள்ளியில் படித்து கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு புதுமைப் பெண், மாணவர்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. தொடக்கப் பள்ளியில் காலை உணவும் உண்டு. "சீட் கிடைக்கல" என்று நினைக்கும் வீட்டுக்கு இதுவும் கணக்கில் வர வேண்டும்.

விண்ணப்பத்துல எங்க கோட்டை விடுறாங்க?

* வயது. கே.வி. முதல் வகுப்புக்கு மார்ச் 31-ல் 6 வயது நிரம்பியிருக்க வேண்டும். முன்பு 5 ஆக இருந்தது, 2022-ல் மாறியது. இது தெரியாமல் விண்ணப்பித்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

* ஓ.பி.சி. சான்று. நம்ம ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று மட்டும் கே.வி.க்குப் போதாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் வராதவர் என்ற ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். சேர்க்கை அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் நேரம் போதாது. ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

* இரட்டை விண்ணப்பம். ஒரே பிள்ளைக்கு ஒரே கே.வி.யில் பல முறை விண்ணப்பித்தால் வாய்ப்பு கூடாது. கடைசி விண்ணப்பத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள்.

* பணம். கே.வி. ஆன்லைன் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "குலுக்கல்ல பேர் வர வைக்கிறேன்" என்று பணம் கேட்பவர் சொல்வதை நம்பாதீர்கள். பெயர் தானாக வந்தால் பணத்தை வைத்துக்கொள்வார். வராவிட்டால் கொஞ்சம் திருப்பிக் கொடுப்பார். அவருக்கு எப்படிப் பார்த்தாலும் லாபம்.

குலுக்கல் நேர்மையா நடந்துச்சான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

நம் கோயில்களில் பூ கட்டிப் போட்டுப் பார்ப்போம். வெள்ளைப் பூ, சிவப்புப் பூ, இரண்டே பொட்டலம். நம் கண் எதிரில் மடிப்பார்கள், ஒரு குழந்தை எடுக்கும். வந்தது பிடிக்காவிட்டாலும் யாரும் சண்டை போடுவதில்லை. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தே நடப்பதுதான் காரணம்.

பள்ளிக் குலுக்கலிலும் கேட்க வேண்டியது அதுதான். மொத்தம் எத்தனை இடம், எத்தனை விண்ணப்பம், எத்தனை தள்ளுபடி, ஏன் தள்ளுபடி என்று குலுக்கலுக்கு முன்பே பட்டியல் ஒட்ட வேண்டும். பெற்றோர் முன்னிலையில் சீட்டு எண்ணப்பட வேண்டும். காத்திருப்போர் பட்டியலும் அதே குலுக்கலில் வரிசையாக எடுக்கப்பட வேண்டும். யாராவது சேராமல் போனால், அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். கேட்டும் சொல்லவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். கே.வி. மத்திய அரசு அமைப்பு என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விவரம் கேட்கலாம்.

முடிவா, இது நியாயமா இல்லையா?

குலுக்கல் என்ற முறை நியாயமானதுதான். சிபாரிசையும் நன்கொடையையும் ஆறு வயசுத் தேர்வையும்விட மேல். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் அது பானைக்குள் இருக்கும் சீட்டுகளுக்கு மட்டும்தான் நியாயம் செய்யும். பானைக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. 8 கி.மீ. வட்டம், 1 கி.மீ. வட்டம், ஐந்தாவது முன்னுரிமை, கிடைக்காத ஒரு சான்றிதழ், அக்டோபருக்குத் தள்ளிப்போன ஒரு தேதி. கே.ஜி.கண்டிகை மாதிரி ஊர்களில் பிள்ளைகளின் வாய்ப்பைத் தீர்மானிப்பது இவைதான். 25% இடங்கள் காலியாகக் கிடக்கும் பள்ளிகளிலாவது, வட்டத்துக்கு வெளியே உள்ளவர்களை அடுத்தபடியாக அழைக்கலாமே என்பது நியாயமான கோரிக்கை.

அதைவிட முக்கியமான ஒன்று. 200 பேருக்கு 10 இடம் என்றால், எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும் 190 பிள்ளைகள் திரும்பிப் போவார்கள். அவர்கள் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஊர் அரசுப் பள்ளிதான். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்த மண் என்று ஒவ்வொரு செப்டம்பர் 5-ம் தேதியும் பெருமைப்படும் பகுதி இது. அந்த ஊர்ப் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் போய்க் கேளுங்கள். அந்தக் குழுவில் பெரும்பான்மை உறுப்பினர்கள் பெற்றோர்தான். அங்கே உட்கார குலுக்கல் கிடையாது.